நண்டுக் குழம்பை மறைத்த கதை

சென்னை
6-4-1970

அன்புள்ள அம்மாவுக்கு, செல்லதுரை வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நீ சொல்லச் சொல்லத் தங்கை செவ்வந்தி எழுதிய கடிதம் கிடைத்தது. மன்னார்குடியில் என் கட்டுரை வந்த பத்திரிகையை வாங்கி அவள் உனக்குப் படித்துக் காட்டினாளாமே. அதில், கூலிப் போராட்டத்தின்போது நம் வீட்டில் மூன்று நாள் பட்டினி என்று எழுதியிருந்தேன். "வரப்பு வரப்பா அலைஞ்சு நண்டு புடிச்சுக் கொழம்பு வச்சேனே, பாவி! எம் புள்ளைங்கள நான் எப்படா பட்டினி போட்டேன்?" என்று கேட்டிருக்கிறாய்.

உண்மைதான் அம்மா. பட்டினி என்றால் படிப்பவர்கள் அழுவார்கள். வயல் நண்டு என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் கடிதம் வந்ததும் பத்திரிகையில் திருத்தம் போடச் சொன்னேன். "அழுதவங்கல்லாம் சிரிப்பாங்கய்யா!" என்று ஆசிரியர் கத்தினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பயப்படாதே, வேலை போகவில்லை. இன்று கூப்பிட்டு, "சரி, அந்த நண்டையே எழுதிக் கொண்டா" என்றார்.

நீ கோபித்திராவிட்டால் பொய்யிலேயே பெயர் வாங்கியிருப்பேன். உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மெஸ் சாப்பாட்டில் எதிலும் ருசியில்லை. அந்தக் குழம்பில் புளி கரைத்தாயா, மாங்காய் போட்டாயா? செவ்வந்தியை உடனே எழுதச் சொல். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். புளியா மாங்காயா என்று தெரியாமல் நான் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

உன் மகன்
செல்லதுரை