பிணம் இல்லாத படம்

அரூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய காசிம் அண்ணனுக்கு,

அமுதவல்லி எழுதுகிறேன். மஸ்கட்டில் நீங்களும் அமீனா அண்ணியும், மகன் முதசிர் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லாருக்கேம்மா, வெச்சிரட்டா" என்பதற்கு மேல் தாண்டுவதில்லை. அதனால் முதசிரிடம் முகவரி வாங்கி இதை எழுதுகிறேன். கடிதம் என்றால் என் பேச்சை நீங்கள் நடுவில் வெட்ட முடியாது பாருங்கள்.

முதலில் உங்கள் சிநேகிதர், எங்கள் வீட்டுக்காரரின் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. சேலத்தில் காட்டினோம். ஆபரேஷன் செய்தால் நன்றாகிவிடும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். அதுவரை டென்ஷனே ஆகாது என்றும் சொன்னார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் டென்ஷன் கொடுத்தே சம்பாதித்த மனிதரிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "படம் முடியட்டுங்க, வந்து படுத்துக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

ஆமாம் அண்ணா, படம்தான். இதுதான் கடைசி என்று அவரே பேட்டியில் சொல்லிவிட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது என்ன படம் என்று பேட்டியில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும், இருவரும் சில்லறைத் திருடர்கள். கிலோ நூற்றைம்பதுக்குத் தக்காளி விற்கிற நேரத்தில், பாலக்கோட்டிலிருந்து கிளம்பும் ஒரு தக்காளி லாரியைக் கிளப்பிக்கொண்டு போய் வத்தல்மலையில் ஒளித்துவைக்கிறார்கள். ஒளித்துவைத்திருக்கும்போதே விலை சரிந்துவிடுகிறது. லாரிக்கு இன்ஷூரன்ஸ் வந்துவிடும், இனி அந்தச் சரக்கு எதற்கு என்று லாரிக்காரர் தேடுவதையே விட்டுவிடுகிறார். கடைசியில் திருடர்கள் அவர் பின்னால் ஓடி, உங்கள் லாரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கொலை கிடையாது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது.

டைரக்டர் குப்புராஜ் படத்தில் கொலை இல்லையா என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

போன படத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. அந்த டீச்சர் பெண் சாகக் கூடாது, கதைக்கு அது தேவையே இல்லை என்று நீங்கள் மன்றாடினீர்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, நீங்கள் எடிட்டிங்கில் வெட்டிப்போட்ட அந்தக் கொலையை உங்களுக்குத் தெரியாமல் திரும்பச் சேர்த்துவிட்டார். நீங்கள் அதை அண்ணியோடு தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. வெளியே வந்து, "ஆளக் கொல்லாம உனக்குக் கதைய முடிக்கத் தெரியாதுடா. ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டு, அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மஸ்கட்டுக்குப் போனீர்கள். போனவர் போனவர்தான். தப்பு முழுக்க அவருடையது. நான் அன்றைக்கும் உங்கள் கட்சி, இன்றைக்கும் உங்கள் கட்சி.

இப்போது எடுத்துவிட்டார் அண்ணா. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத அவருக்கு வராது. அதனால் ஒரு லாரித் தக்காளியை மலைமேல் ஏற்றியிருக்கிறார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்பவள் நான். படப்பிடிப்பில் மலைப் பாதையில் லாரி வளைவுக்கு வளைவு தக்காளியை உதிர்த்துக்கொண்டு போனபோது, பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கிப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் கட் சொல்லவே மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் படப்பிடிப்பில் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிக்கல் கம்பைநல்லூரில் வந்தது. வெளியிடும் முன்பு நம் ஜனங்களுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அங்குள்ள தியேட்டரில் ஒரு காட்சி வைத்தோம். நல்ல கூட்டம். படம் தொடங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை அண்ணா. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் டீ டம்ளரை எடுத்தால், "குடிக்காதடா சாமி, வெஷம் வெச்சிருப்பாங்க" என்று ஒரு அம்மா கத்துகிறார். லாரிக்கடியில் தக்காளிச் சாறு சொட்டுகிற இடம், அதற்குத் தியேட்டரே அதிரும் என்று நினைத்திருந்தோம். அதிரத்தான் செய்தது, "அய்யோ, ரத்தம்" என்று. அதற்குப் பிறகு கடைசிவரை எல்லோரும் பிணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒருவர் எழுந்து நின்று, கோபமாகக்கூட இல்லை, மிகவும் பணிவாகக் கேட்டார்: "எல்லாஞ் சரிங்க, பொணத்த எங்கதாங்க வெச்சிருக்கீங்க?"

காரில் வரும்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீடு வந்து சேரும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இவ்வளவு நாள் பயமுறுத்திவிட்டோம், இனி நம்மை நம்பி யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

தயாரிப்பாளர் மாரியப்பன் மறுநாளே வந்தார். ஜனங்கள் கேட்பதைக் கொடுத்துவிடலாமே என்கிறார். "ஒரே ஒரு கொலைங்க சார், சின்னதா வெச்சிரலாம்" என்று, குழம்புக்கு உப்புப் போதவில்லை என்பதுபோலச் சொல்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துபோயிருக்கிறார். இவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் மாரியப்பன் அந்தச் சின்னக் கொலையை யாரையாவது வைத்து எடுத்துச் சேர்த்துவிடுவார். அது இவருக்கும் தெரியும். அதனால்தான் படுக்க மாட்டேன் என்கிறார். டாக்டர் கொடுத்த தேதி ஒன்று போய்விட்டது. அடுத்தது இந்த மாதக் கடைசியில். அதையும் விடக் கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எடிட்டர் சுகுணா கெட்டிக்காரப் பெண். என்னென்னவோ மாற்றிப் பார்த்தாள், பாட்டை முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள். நேற்று அவளே சொன்னாள், இந்தப் படத்தில் எதுவும் குறையவில்லை, பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், முதல் பத்து நிமிடத்துக்குள் அதை விடவைத்துவிட்டால் போதும், அது எங்கே என்றுதான் தெரியவில்லை என்று. இவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "அவனுக்குத் தெரியும்" என்றார். யாருக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் எடிட்டிங்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூச்சு முட்டும்போது காட்சியை வெட்டுவதை நான் எத்தனை படத்துக்குப் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடிக்கவைத்தவருக்குத்தானே அதை எங்கே விடுவது என்றும் தெரியும்?

அண்ணா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வந்துவிடுங்கள். சுகுணா எல்லாம் தயாராக வைத்திருக்கிறாள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும் என்கிறாள். நீங்கள் முடித்துக் கொடுத்த படத்தில் கைவைக்க மாரியப்பனுக்குத் தைரியம் வராது. இவரும் நிம்மதியாகப் போய்ப் படுப்பார். அதற்குப் பிறகு படம் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு இந்த மனுஷன் வேண்டும். அவருக்கு நீங்கள் வேண்டும். எடுத்துக் காட்டு, அப்பறம் பேசலாம் என்றீர்களே, வந்து பேசுங்கள். திட்டுவதானாலும் வந்து திட்டுங்கள்.

அண்ணியையும் அழைத்து வாருங்கள். இந்தப் படத்தை அவர் பயப்படாமல் முழுசாகப் பார்க்கலாம் என்று நான் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லுங்கள். முதசிருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது இந்த வீட்டில் இதுவரை அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். இந்த ஒரு தடவை எனக்குத் தெரிந்திருக்கட்டும். கிளம்பும் நாளை முதசிர் எனக்கு மட்டும் சொன்னால் போதும். வந்ததும் வாசலில் நின்று பெல்லை அடியுங்கள். நான் அடுப்படியில் கை வேலையாக இருக்கிறேன் என்று குரல் கொடுத்துவிடுவேன். அந்த அதிர்ச்சியை அவர் இதயம் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். தாங்குமாம். கதவை அவரே வந்து திறக்கட்டும் அண்ணா.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் தங்கை,
அமுதவல்லி