சாவி போடாத வண்டியின் சூடு

விளாங்குடி, மதுரை.
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், பிரஷர் மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன். நார்வே குளிரில் நீயும் திவ்யாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க அழகர் துணை. நேற்று போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

அப்பா காரை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாயே, நானும் மனதைத் தேற்றிக்கொண்டு சரியென்றேன். சனிக்கிழமை தல்லாகுளத்திலிருந்து ஒரு கோர்ட் குமாஸ்தா வந்து பார்த்தார். எஞ்சின் லைட் மஞ்சளாக எரியுதே, அதை மட்டும் சரிபண்ணி வைங்க, வியாழக்கிழமை வாரேன் என்று சொல்லிப் போனார். அப்பாவிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்த நம் மொக்கையனிடம் போனில் கேட்டேன். ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டரா இருக்கும் மதினி, மீட்டர் வச்சுப் பாருங்க என்றான். பட்டறையில் முப்பது வருடம் அப்பாவுக்கு மீட்டர் பிடித்தவளுக்கு இது ஒரு வேலையா. நீ கம்ப்யூட்டர் படித்தவன், உனக்குத் தெரியாது, சொல்கிறேன். புகைக்குழாயில் திருகியிருக்கும் அந்தச் சென்சாருக்குள், சாவியைத் திருகினாலே சூடேறும் குட்டி ஹீட்டர் ஒன்று உண்டு. அதன் இரண்டு வெள்ளை வயரில் மீட்டரை வைத்தால், ஆறிக் கிடக்கும் வண்டியில் ஐந்து, ஐந்தரை ஓம் காட்டும். சூடாக இருந்தால் பதின்மூன்று, பதினான்குக்கு ஏறும். அறுந்திருந்தால் ஒன்றுமே காட்டாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வயர் வந்து சேரும் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். பதினான்கு காட்டியது. இரண்டு நாள் மழையில் ஷெட்டே சில்லென்று கிடக்கிறது, புகைக்குழாயைத் தொட்டால் பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கிறது, சனிக்கிழமைக்கு அப்புறம் யாரும் வண்டியைத் தொடவில்லை, சாவி என் முந்தானையில் முடிந்து கிடக்கிறது. மீட்டர்தான் கெட்டுவிட்டதென்று இரண்டு முனையையும் ஒட்டவைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. திரும்ப வயரில் வைத்தேன். பதின்மூன்று, பன்னிரண்டு, பத்து என்று என் கண்ணெதிரே மெல்ல இறங்கி ஐந்தரையில் வந்து நின்றது. யாரோ சாவியைப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு அப்போதுதான் இறங்கிப் போனதுபோல. கப்ளரை மாட்டிவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டேன். நேற்று அதே நேரத்துக்கு மொக்கையனையே வரச்சொல்லிப் பார்க்கவைத்தேன். பதினான்கு. எம்புட்டு நேரம் மதினி சாவி போட்டு வச்சிருந்தீக என்று கேட்டான். கழன்று கிடந்த பேட்டரி வயரைக் காட்டினேன். போட்டுவைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

அந்த நேரம் உனக்கு நினைவிருக்கும். சாப்பாடு முடிந்ததும் அப்பா எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருகி, ரேடியோவை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பத்து நிமிடம் வண்டிக்குள் உட்காருவார். பேட்டரி போயிரும்னு நான் தினமும் கத்துவேன். கத்தாமல் இருந்திருக்கலாம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆடியில் அப்பாவைத் தத்தனேரிக்கு எடுத்துப்போனீர்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கம் நம்மில் இல்லை, நான் வாசலோடு நின்றுவிட்டேன். நீ திரும்பி வந்து, வண்டியோட இன்னொரு சாவியை அப்பா கைக்குள்ள வச்சு மூடிட்டேம்மா என்றாய். நிஜமாகவே வைத்தாயா, இல்லை மனசு கேட்காமல் உன் பையில் போட்டுக்கொண்டு எனக்காக அப்படிச் சொன்னாயா? உன்னிடம் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு, திட்ட மாட்டேன். கிழவிக்குக் கண் மங்கிவிட்டது, மொக்கையனுக்கும் மங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டு வந்து சேர்கிறேன். அதுவரை குமாஸ்தாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வைத்தது நிஜமென்றால் என்னை இனி அங்கே வரச்சொல்லிக் கூப்பிடாதே ஐயா. அவர் இங்கே வந்துபோய்க்கொண்டிருக்கும்போது நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே வருவேன்.

திவ்யாவுக்கு என் ஆசீர்வாதம். இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னொன்று, ஆபீஸ் கிளம்புமுன் போடும் போனை இனிமேல் சாயங்காலம் போடு. இங்கே அப்போது மத்தியானம், நான் ஷெட்டில் இருப்பேன்.

உன் அம்மா,
பாண்டிமீனா