வேங்கையை அறுத்த விதம்

மேலப்பட்டி, திருமயம் வழி
ஈஸ்வர வருஷம், வைகாசி 8

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தம்பி முருகப்பன் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். நம் குடும்ப வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு தீர்மானத்தைத் தெரிவிக்கவே இக்கடிதம். மூன்று நாள் யோசித்து, ஜோசியரைக் கலந்து, இரண்டு தட்டு வெற்றிலை தீர்ந்தபின், நேற்றுக் காலை பத்தேகாலுக்கு அது எடுக்கப்பட்டது. நீங்கள் மோல்மீனிலிருந்து அனுப்பிய வேங்கை மரத்தைத் தட்டையாக அறுப்பது. தேக்கை நாலாய்ப் பிளந்து அறுப்பது.

நீங்கள் மாற்றிச் சொல்லியிருந்தது நினைவிருக்கிறது. ஆனால் தேக்கு அலமாரிக்கு. வேங்கை, நம் பெண் சீதை தலைப்பிரசவத்துக்கு வந்து தங்கப்போகும் அறையின் கதவுக்கு. சம்பந்திகள் கதவைத்தானே பார்ப்பார்கள்? தட்டையாக அறுத்தால் பலகை அகலமாக வருகிறது. முகத்தில் ரேகை மலை மலையாகப் பூ விழுகிறது. நாலாய்ப் பிளந்தால் வெறும் கோடு, சேதாரமும் அதிகம்.

அறுக்கிற சவரியப்பன் ரம்பக் குழிக்குள் நின்றபடியே, "பூ நல்லாத்தான் இருக்கும் செட்டியாரே. ஐப்பசி மழையில தொறந்து பாருங்க" என்றான். "நீ பர்மாவுக்குப் போயிருக்கியா?" என்று கேட்டேன். ரம்பத்தை இழுக்கத் தொடங்கினான்.

தங்கள் தம்பி,
முருகப்பன்


மோல்மீன்
வைகாசி 27

தம்பி முருகப்பனுக்கு ஆசீர்வாதம்.

தேக்கு சாது. எப்படி அறுத்தாலும் அடங்கிக் கிடக்கும். இந்த வேங்கை அப்படியல்ல. தட்டையாக அறுத்தால் ஈரத்துக்கு அகலவாட்டில் பெருக்கும், வளையும். நாலாய்ப் பிளந்தது அதில் பாதிகூடப் பெருக்காது. சவரியப்பன் பர்மாவுக்கு வராமலே தெரிந்துகொண்டிருக்கிறான்.

அறுத்தாயிற்றென்றால் போகட்டும். பலகையை ஒரு வருஷம் நிழலில் அடுக்கி வை. அவசரமென்றால் நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழைய இடம் விடு. சீதையைப் பழைய அறையில் படுக்க வை. அவள் ஆத்தா இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது.

தேனப்பன்


மேலப்பட்டி
புரட்டாசி 28

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். சீதை வந்துவிட்டாள், புது அறையில்தான் இருக்கிறாள். கதவைப் பார்க்க விராச்சிலையிலிருந்துகூட வருகிறார்கள். சம்பந்தி பூவைத் தடவித் தடவிப் பார்த்தார்.

பலகை ஆனி, ஆடி வெயிலில் சுக்காகக் காய்ந்தபிறகே பூட்டினோம். விரல் நுழைகிற சந்தைச் சம்பந்தி பார்த்தால் என்ன நினைப்பார்? சந்தே தெரியாதபடி இழைக்கச் சொன்னேன். உங்கள் கடிதத்தையே செருகிப் பார்த்தேன், நுழையவில்லை.

இரண்டு நாளாகத் தூறல். "சித்தப்பா, உள்ளேருந்து இழுக்க முடியலைங்க. அப்பச்சி சொன்னபடி பழைய அறைக்கே போயிடுறேனே" என்கிறாள் சீதை. "பெரிய வீட்டுக் கதவு கனமாகத்தான் இருக்கும், ஆத்தா" என்று சமாதானம் சொன்னேன். சவரியப்பன் ஓரத்தை இழைத்துத் தருவதாகத் தானே வந்து நின்றான். இழைத்தால் ஒரு பூ பாதி போய்விடும். அனுப்பிவிட்டேன்.

முருகப்பன்


மோல்மீன்
ஐப்பசி 11

தம்பி,

உன் கடிதம் இன்று வந்தது. இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அந்தக் கதவைக் கழற்று. மழை விடட்டும் என்று காத்திருக்காதே. பூ போனால் போகட்டும். கழற்றியதும் எனக்கு எழுது.

தேனப்பன்


மேலப்பட்டி
ஐப்பசி 27

அண்ணன் அவர்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அதில் எல்லாவற்றையும் எழுத முடியவில்லை.

23ஆம் தேதி முழுவதும் மழை. 24ஆம் தேதி காலை சாரலுக்காகச் சீதை கதவைத் தள்ளிச் சாத்திக்கொண்டு படுத்தாள். பதினொரு மணிக்கு வலி கண்டது. மருத்துவச்சி அழகம்மாள் உடனே வந்துவிட்டாள். கதவு திறக்கவில்லை. நான்கு பேர் முட்டினோம், அசையவில்லை. அழகம்மாள் ஜன்னல் கம்பிக்கு வெளியே நனைந்தபடி நின்று, "பயப்படாத ஆத்தா, நான் இங்கிட்டுதான் நிக்கிறேன். சொல்றபடி செய்யி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "சித்தப்பாவை இன்னொரு தடவை தள்ளச் சொல்லுங்க" என்று சீதை கேட்டது எனக்கும் கேட்டது.

சவரியப்பனை அழைத்துவந்து கதவை அறுத்தோம். ஈர மரம் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டதால் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

உங்கள் கடிதம் 25ஆம் தேதி வந்தது.

குழந்தை பெண். பால் கொடுக்க ஆள் வைத்திருக்கிறேன். சீதையை 24ஆம் தேதி மாலையே சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டோம்.

முருகப்பன்