யானை குதித்தாலும் அசையாத தரை

என் அருமை மகளுக்கு,

ஆறு வயதில் உன்னை இந்த வீட்டுக்குத் தூக்கி வந்த நாள் முதல் தகப்பன் பதவியைச் சம்பளமோ விடுப்போ இல்லாமல் வகித்துவரும் உன் சித்தப்பா எழுதுவது. நான் நலம், உன் சித்தி நலம், என் இடது முழங்கால் பற்றி மட்டும் வீட்டில் இரண்டு கருத்து நிலவுகிறது. அங்கே நீ நலமா, சுளுக்கிய மணிக்கட்டு நலமா, மணிக்கட்டைத் தனியாக விசாரிக்கச் சொன்னாள் சித்தி, விசாரித்துவிட்டேன்.

உன் கடிதத்தை நான் ஒருமுறை படித்தேன், சித்தி மூன்று முறை படித்தாள், அப்புறம் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும்போது பையில் வைத்து எடுத்துப்போய் அங்கேயும் படித்தாள். நடனக் கல்லூரியில் ஜாஸ் ஆட்டத்தில் நல்ல மார்க், லிரிகலில் அதைவிட நல்ல மார்க், கன்டெம்பரரியில்தான் தரையில் விழுந்து எழ வேண்டிய இடத்தில் கை முந்திக்கொண்டு போய் ஊன்றிவிடுகிறது, உடம்பு விழ மாட்டேன் என்கிறது, மாதக் கடைசித் தேர்விலும் இப்படியே நின்றால் இரண்டாம் வருஷத்துக்கு அனுப்ப மாட்டார்கள், அவர்கள் சொல்வதற்கு முன் நானே கிளம்பி வந்துவிடுகிறேன், என் அறையை ஒழித்து வையுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மாடி, அறை விஷயத்தில் ஒரு சிக்கல். உன் கட்டில் மேல், கட்டில் கீழ், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என்று அறுபத்து மூன்று பலகைகள் குடியேறிவிட்டன. அவை அங்கே வந்த வரலாற்றைச் சொன்னால், மரத்தரை போடுவதில் மூவுலகிலும் நிகரற்ற உன் சித்தப்பா சறுக்கிய கதையும் வெளிவந்துவிடும். பரவாயில்லை, உனக்காக என் மானத்தை நாலாக மடித்து இந்த உறையில் வைக்கிறேன்.

சலவைக்கடை மாடியில் ஒரு நடனப் பள்ளி வந்திருக்கிறது. அங்கே மரத்தரை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யாரைக் கூப்பிடுவார்கள். டீச்சரம்மா ஒரு வரைபடம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டாள். பிரித்துப் பார்த்தேன். கான்கிரீட் மேல் ரப்பர் துண்டுகள், அதன் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகை, நடுவில் வெறும் காற்று. பாவம், இந்தப் பெண் தரையையும் ஊஞ்சலையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாள் என்று மனம் இரங்கி, அவள் கேட்காமலே ஒரு உபகாரம் செய்தேன். ரப்பரும் கிடையாது காற்றும் கிடையாது, பலகையைக் கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக ஒட்டித் திருகி முடுக்கினேன், பூகம்பம் வந்தால் கட்டிடம் இந்தத் தரையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், அப்படி. ஊரிலிருந்து வந்தவள் “வரைஞ்சு குடுத்த மாதிரிதானே சார் போட்டிருக்கீங்க” என்று கேட்டாள். “அதைவிடப் பலமா டீச்சரம்மா. யானை குதிச்சாலும் ஓரத்துல வெச்ச டம்ளர்ல தண்ணி அசையாது” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். யானை வந்து சேர்ந்திருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது. வந்து சேர்ந்தவர்கள் மனிதர்கள்.

குட்டை உடைத்தது உன் சித்திதான். வகுப்பு தொடங்கிய பதினைந்தாம் நாள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “ஏங்க, கடையில வலிக் களிம்பு தீர்ந்துபோச்சு. வாங்க வந்தவங்க பாதிப் பேர் அந்த மாடியிலேர்ந்து வர்றாங்க. எல்லாருக்கும் முழங்காலும் கெண்டைக்காலும்தான் வலி. நீங்க என்ன செஞ்சு வெச்சீங்க” என்றாள். மறுநாள் டீச்சரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஒரு மாதிரி சமாளித்திருப்பேன். அவளோ, “நாளைக்கு மூணு கிளாஸுக்கும் வந்து ஓரமா உக்காருங்க சார். பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

போனேன், உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு உட்கார்ந்தேன், தரைக்காரனுக்குக் கண்ணைவிடக் கை நன்றாகப் பார்க்கும். முதலில் ஜாஸ். முழங்காலை மடக்கித் தரைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள், தோள் ஒரு காரியம் செய்ய இடுப்பு வேறு காரியம் செய்கிறது, தலைக்கு அந்த இருவரையும் முன்பின் தெரியாது. தாளத்தின் அடி விழும் என்று நான் காத்திருந்த இடத்தில் விழாமல் ஒரு நூல் முன்னாலோ பின்னாலோ விழுந்து என்னை ஏமாற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கூடவே கொண்டுபோன தாளமாம் இது. சில இடங்களில் முரசு கொட்டவே தடை விதித்தார்களாம், அவர்கள் கையைத் தட்டியும் காலால் தரையைத் தட்டியும் தாளத்தைக் காப்பாற்றி வைத்தார்களாம், அது பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வழியாக ஆட்டக்கூடங்களுக்கு வந்து, ஜாஸ் இசையோடு சேர்ந்து, பிறகு மேடை ஏறியதாம். டீச்சரம்மா இதைச் சொன்னபோது என் விரலும் தரையைத் தட்டிப் பார்த்தது, சித்தி இதை இன்னும் நம்பவில்லை. அடுத்து லிரிகல். இது பிறந்து ரொம்ப நாள் ஆகவில்லையாம், பாலேயின் நீளமும் ஜாஸின் துடிப்பும் சேர்ந்து பெற்ற பெண், பாட்டின் சொல் எங்கே போகிறதோ அங்கேயே கையும் போகும். வங்கியில் காசாளராக இருக்கும் ஒரு கனத்த மனிதர் அதில் ஆடினார். பாட்டில் யாரோ யாரையோ பிரிந்தார்கள், இவர் ஒரு கையை மெல்ல நீட்டினார், என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. நான் போட்ட தரையில் தூசியே கிடையாது என்பது உலகறிந்த செய்தி. அப்புறம் அவர் எம்பிக் குதித்து இறங்கினார், தரை ‘டங்’ என்றது, அவர் முகம் சுருங்கிய சுருக்கத்தை என் உள்ளங்கை உணர்ந்தது.

மூன்றாவதுதான் உன்னுடைய கன்டெம்பரரி. பாலேயின் நிமிர்ந்த முதுகும் இறுக்கின செருப்பும் வேண்டாம் என்று வெறுங்காலோடு வெளியேறிய மாடர்ன் ஆட்டக்காரர்கள் வழியில் வந்து, பிறகு போகிற இடமெல்லாம் பிடித்ததை வாங்கிச் சேர்த்துக்கொண்டதாம். பாலேக்காரர்கள் எடையே இல்லாதது போல மேலே போகப் பார்ப்பார்கள், இவர்கள் எடையை ஒளிப்பதில்லை, மூச்சை விட்டுக் கீழே வருகிறார்கள், விழுவதும் ஆட்டத்தில் ஒரு அடி. ஒவ்வொருவராக விழுந்தார்கள். என் தரை எதையும் வாங்கிக்கொள்ளாமல் அத்தனை அடியையும் அவரவர் எலும்புக்கே திருப்பி அனுப்பியது. முப்பது வருஷமாக அசையாமையே பெருமை என்று மார்தட்டியவன், அன்று மாலையே பாறையைக் (கடப்பாறையைச் சொல்கிறேன்) கையில் எடுத்தேன். பெயர்த்த பலகைகள்தான் உன் அறையில் ஓய்வெடுப்பவை.

வரைபடத்தில் உள்ளபடியே, ரப்பர் சட்டம் காற்று எல்லாம் வைத்து, மறுபடி போட்டு முடித்தேன். சித்தியும் பார்க்க வந்திருந்தாள். டீச்சரம்மா என்னைப் பார்த்து, “முதல்ல நீங்க விழுங்க சார்” என்றாள். விழுந்தேன், கை முன்னால் போய் ஊன்றியது. மறுபடி விழுந்தேன், மறுபடி கை. எட்டு முறை. காசாளர் எண்ணிக்கொண்டே இருந்தார், தொழில் பழக்கம். “கை போகுது பாருங்க சார், கைதான் முதல்ல உடையும். மூச்சை விட்டுட்டு, முழங்கால், தொடை, இடுப்பு, தோள்னு அப்படியே உருண்டு போங்க. விழவே கூடாதுன்னு உங்களுக்கு யார்தான் சொல்லிக்குடுத்தாங்களோ” என்று அவள் சிரிக்க, சுவரோரம் நின்ற சித்தி, “இவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கல டீச்சர், இவர்தான் எங்க பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்தார். அவ ஓடினா பின்னாலேயே ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, விழுந்துடாதே விழுந்துடாதேன்னு ஓடுவார். அவ ஒரு தடவகூட முழுசா விழுந்ததில்ல. இவர் விட்டாத்தானே” என்றாள்.

சித்தி சொன்னது நிஜம் மகளே. உன் அப்பா, என் அண்ணன், உன்னை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார், ஒரு கீறல் பட்டாலும் அவருக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம் எனக்கு. தாழ்வாரத்தில் நீ ஓடுவாய், உனக்கு முன்னால் நீட்டிய கைகள் என்னுடையவை. இப்போது அங்கே, அவ்வளவு தூரத்தில், நீ விழப் போகும்போதெல்லாம் முந்திக்கொண்டு போய் ஊன்றுவது உன் கையென்று நினைக்கிறாயா? அது என் கை. ஒன்பதாம் முறை கண்ணை மூடி, மூச்சை விட்டு, கையை முந்த விடாமல் தளர விட்டேன். தரை என்னை வாங்கிக்கொண்டது. அசைந்து, கொஞ்சம் இறங்கி, பொறுமையாக வாங்கிக்கொண்டது. அதிலேயே படுத்திருந்தேன், சித்தி வந்து “எந்திரிங்க, மத்தவங்களும் விழணும்” என்று சொல்லும் வரை.

ஆகவே, பதினைந்து ஆண்டுகளாக நம் வீட்டில் அமலில் இருந்த ‘விழுந்துடாதே’ என்னும் சட்டம், இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும் நிமிஷத்திலிருந்து ரத்து செய்யப்படுகிறது. இனி நீ தாராளமாக விழலாம், சபை நடுவிலும் விழலாம். விழுவதற்கு முன் உன் கல்லூரியின் தரைக்குக் கீழே ரப்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள், என்னைப் போன்ற மேதைகள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். தேர்வுக்குப் போய் ஒரே ஒரு முறை முழுசாக விழு. அதற்கு அப்புறமும் வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வா. அறையில் இடமில்லை என்று நான் மிரட்டியதை நம்பாதே, “அவ வந்தா எங்க படுப்பா” என்று நேற்றே சித்தி கட்டில் மேல் இருந்த பலகைகளை இறக்கி எங்கள் கட்டிலடியில் என் பக்கமாகத் தள்ளிவிட்டாள், அதில் இடித்துக்கொண்டதுதான் மேற்படி முழங்கால்.

நேரத்துக்குச் சாப்பிடு, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொள், எங்கள் இருவர் ஆசியும் உன் தலை முதல் பாதம் வரை இருக்கட்டும். தேர்வு முடிந்ததும் மார்க்கை எழுதாவிட்டாலும் போகிறது, எப்படி விழுந்தாய் என்று மறக்காமல் எழுது. உறையில் ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்கிறேன். புதுத் தரைக்கு வேண்டியது இருநூற்று நாற்பது, இருநூற்று முப்பத்தொன்பதுதான் பதித்தேன். அந்த ஒன்று இல்லாத இடம் எதுவென்று எனக்கு மட்டுமே தெரியும், செவ்வாய்க்கிழமை வகுப்பில் அங்கே நான்தான் நிற்கிறேன், வேறு யாரையும் நிற்க விடுவதில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
ஒன்பது முறை விழுந்தவர்