இயங்கும் நிலையில் உள்ளது

பிப்ரவரி 9

அவை கூடிவிட்டது. காலையிலேயே கேள்விக் கட்டு மேஜைக்கு வந்துவிட்டது. உறுப்பினர்கள் எழுத்தில் கேட்பார்கள், அமைச்சர் எழுத்தில் பதில் தருவார். அமைச்சர் கையெழுத்துப் போடும் அந்தப் பதிலை எழுதுவது சுகாதாரத் துறையின் இந்தக் கடைசி அறையில் இருக்கும் நாங்கள்.

"ஊர்ல உள்ள வியாதியெல்லாம் டாக்டர்கிட்டப் போகுதோ இல்லையோ, நம்மகிட்ட வந்துடுது மேடம்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தங்கையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கூசியது. அதே சன்னல், அதே நாற்காலி. சஸ்பெண்டு ஆனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். அவள் நர்ஸாக வேலை பார்த்த மகப்பேறு மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். அதன் தண்ணீர்த் தொட்டி அந்தச் சன்னலிலிருந்து தெரியும்.

பிப்ரவரி 12

தூங்குமூஞ்சியாரின் கேள்வி வந்திருக்கிறது. கடைசி வரிசை உறுப்பினர். அவையில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் எங்கள் அறை அவருக்கு வைத்த பெயர் அது. கேள்வியில் தூக்கம் இல்லை.

(அ) மகப்பேறு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சென்ற மாதம் மின்சாரம் தடைபட்டபோது ஒரு குழந்தை இறந்தது உண்மையா?
(ஆ) ஆம் எனில், அப்போது ஜெனரேட்டர் இயங்கியதா?
(இ) பொறுப்பானவர் யார்?

எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். (இ)க்கு மருத்துவமனை சொல்லப்போகும் ஆள் என் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 16

மருத்துவமனையிலிருந்து அறிக்கை வந்தது. (அ) ஆம். (ஆ) ஜெனரேட்டர் இயங்கும் நிலையில் உள்ளது. (இ) பணியிலிருந்த செவிலியரின் கவனக்குறைவு. அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார்.

இயங்கியதா என்று கேட்டால், இயங்கும் நிலையில் உள்ளது. இதை எழுதியவர் கெட்டிக்காரர். எனக்குத் தெரியாதா, இதுதானே என் பிழைப்பு.

வீட்டுக்கு வந்து, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். ஜெனரேட்டர் ஓடியதா?

"அது எங்கக்கா ஓடுது? பேட்டரி செத்து எத்தனையோ மாசம். எழுதிக் குடுத்தோம். வாயாலயும் சொல்லிப் பாத்தோம்." கத்தியைக் கீழே வைத்தாள். "மூச்சு மெஷின்ல ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் நின்னுபோச்சு. ஆயாம்மா டாக்டரைக் கூட்டியார ஓடிட்டாங்க. நான் மூச்சுப் பையை எடுத்து அமுக்க ஆரம்பிச்சேன். ஒரு புள்ளைக்குத்தான் அமுக்க முடியும்."

பிறகு, நான் கேட்காமலே: "எந்தப் புள்ளைக்குன்னு நான் யோசிக்கலக்கா. கிட்டக்க இருந்துச்சு. அவ்வளவுதான்."

இதுவரை இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கவனக்குறைவு என்ற சொல்லை நானும் ஒரு ஓரத்தில் நம்பிவிட்டேனோ?

பிப்ரவரி 17

துணைச் செயலரிடம் போய்ச் சொன்னேன். அந்தச் செவிலியர் என் தங்கை. இந்தப் பதிலை நான் எழுதுவது முறையில்லை.

"இதையெல்லாம் எதுக்கு மேடம் வாயைத் திறந்து சொல்றீங்க? பேர் வேற, விலாசம் வேற. அவங்க அனுப்பினதை அப்படியே தட்டிட்டுப் போங்க."

"அதுல (ஆ) சரியில்ல சார்."

"யார் சொன்னா? தங்கச்சியா?" கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பாத்தீங்களா."

அவர் சொன்னது நியாயம்தான். நான் சொல்லும் உண்மைக்கு என் தங்கையின் முகம் இருக்கிறது.

பிப்ரவரி 18

கோப்பில் எழுதிவிட்டேன். "மேற்படி செவிலியர் என் உடன்பிறந்தவர் என்பதால் இக்கோப்பிலிருந்து விலகுகிறேன். பதில் இறுதி செய்யப்படுமுன் ஜெனரேட்டர் கடைசியாக ஓடிய நாளைக் கேட்டுப் பெறலாம்." கையெழுத்து, தேதி. இரண்டாவது வாக்கியத்தை எழுதலாமா என்று நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விலகுகிறவள் விலகிப் போகவேண்டியதுதானே?

கோப்பு பக்கத்து மேஜைக்குப் போனது. இரண்டடி தூரம்.

வீட்டில் தங்கையிடம் சொன்னேன். "நீ எழுதினா ஒரு வார்த்தையாவது பாத்து எழுதியிருப்ப. இப்ப நீயும் கையை விட்டுட்ட, அப்படித்தானே?"

நான் எழுதியிருந்தால் அது அக்கா எழுதியதாகிவிடும்டி. அப்புறம் உண்மையே ஆனாலும் எவன் நம்புவான்? இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். கோழை.

பிப்ரவரி 24

லிஃப்டில் தூங்குமூஞ்சியார். நானும் அவரும் மட்டும். "எத்தனாவது மாடிம்மா?" என்று கேட்டு அவரே பொத்தானை அழுத்தினார். டீசல் எவ்வளவு வாங்கினார்கள் என்று கேளுங்கள் ஐயா — இவ்வளவுதான், ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. கோப்பில் விலகுகிறேன் என்று எழுதிவிட்டு லிஃப்டில் மறுபடி தலையை நுழைப்பதா? கதவு திறந்தது. "வரேங்க" என்று இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 26

பதில் அவையில் வைக்கப்பட்டது. (ஆ) இயங்கும் நிலையில் உள்ளது. என் குறிப்பை யாரும் சட்டை செய்யவில்லை.

மார்ச் 5

சாயங்காலம் மின்சாரம் போனது. தங்கை சட்டென்று எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வந்த பிறகும் நகரவில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஜெனரேட்டர் சத்தம் வருதான்னு பாத்தேன்."

வரவில்லை.

மார்ச் 13

மறுபடியும் தூங்குமூஞ்சியார். இந்த முறை இரண்டே வரி. அதே மருத்துவமனையின் ஜெனரேட்டருக்குக் கடந்த ஓராண்டில் வாங்கிய டீசல் எவ்வளவு? பேட்டரி கடைசியாக மாற்றப்பட்டது எப்போது?

ஆம், இல்லை என்று நழுவ இதில் இடமே இல்லை. இரண்டு முறை படித்தேன். அடுத்த நொடி பயம் — நான் சொல்லிக்கொடுத்ததாகத்தானே நினைப்பார்கள்?

நினைத்தார்கள். துணைச் செயலர் அறையைச் சாத்திவிட்டுக் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே?"

"இல்ல சார்."

நல்லவேளை, லிஃப்டில் வாயைத் திறக்கவில்லை. இல்லையென்றால் அந்த "இல்ல சார்" எனக்கு வந்திருக்காது.

மார்ச் 20

மருத்துவமனையிலிருந்து பதில். டீசல்: வாங்கப்படவில்லை. பேட்டரி: சம்பவத்துக்கு அடுத்த வாரம் புதிதாகப் போடப்பட்டது.

பக்கத்து மேஜைக்காரர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பதிலை எழுதிய அன்று, "தூங்குறவருக்கு நம்ம வழக்கமான 'வினா எழவில்லை'ன்னு போட்டா பொருத்தமா இருக்கும்" என்று அறையையே சிரிக்க வைத்தவர். இன்று மெல்லக் கேட்டார். "மேடம், நான் பொய் எழுதிட்டேனா?"

"வந்ததை எழுதினீங்க."

"அது என் கேள்விக்குப் பதில் இல்லையே மேடம்."

ஆமாம், இல்லைதான்.

மார்ச் 24

அவைக்குத் தவறான தகவல் போனது தெரிந்தால் அமைச்சரே திருத்த அறிக்கை வைக்க வேண்டும். யாரும் விரும்பமாட்டார்கள். பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள், துறைக்கு அப்போது எதுவும் தெரியாது என்று சொல்லிவிட வழி இருக்கிறதா என்று பார்க்க. எண் போட்ட பக்கத்தில் என் இரண்டாவது வாக்கியம் இருந்தது. தேதியோடு.

துணைச் செயலர் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "நல்லா ஆப்பு வச்சீங்க மேடம்." கோபமா, மெச்சலா? இரண்டுமாக இருக்கலாம்.

ஏப்ரல் 3

கூட்டத்தொடரின் கடைசி நாள். எத்தனையோ தாள்களோடு திருத்த அறிக்கையும் வைக்கப்பட்டது. "ஜெனரேட்டர் சம்பவத்தின்போது இயங்கவில்லை. பணியிலிருந்த செவிலியரின் கவனக்குறைவு என்ற பகுதி நீக்கப்பட்டதாகக் கொள்ளலாம்." யாரும் படித்திருக்கமாட்டார்கள். எனக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது, ஆவண அறைக்கு. போகட்டும்.

தங்கை அந்தத் தாளை நின்றுகொண்டே படித்தாள். அழவில்லை. "அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு இதை யாராவது குடுப்பாங்களாக்கா?"

கேட்ட உறுப்பினருக்குத்தான் ஒரு படி போகும். வேறு யாருக்கும் இல்லை.

ஏப்ரல் 5

அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். தெருவிளக்குக் கம்பம் வந்ததும் தங்கை நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போன மாதிரி.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான், சின்னப் பெண். தங்கையைப் பார்த்ததும், "நர்ஸம்மா!" என்றாள். உள்ளே வரச்சொன்னாள். அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லாம் பார்த்திருக்கிறாள். இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இவள் பையை அமுக்கியதை. ஜெனரேட்டர் சத்தமே கேட்காததை. இரண்டு கேள்விக்கும் உறுப்பினர் வீட்டுக்கு நடந்தது அவள்தான். "நர்ஸம்மாவை ஏன் வெளிய அனுப்பினாங்கன்னு கேளுங்கன்னு சொன்னேன். அவர் கண்ணை மூடிட்டே கேட்டாரு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்."

தங்கை தாளை நீட்டவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். "நான் உங்க புள்ளைக்கு அமுக்கலம்மா. பக்கத்துப் புள்ளைக்குத்தான்..."

"பாத்தேன்."

பிறகு அந்தப் பெண்ணே கேட்டாள்.

"அந்தப் புள்ள நல்லா இருக்குல்ல?"

"இருக்கு."

கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

மே 11

தங்கை வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதே பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. கையில் அவளுடைய துப்பட்டாவோடு அப்படியே நின்றேன். இரண்டு தெரு தள்ளி ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு விடாத ஒரே இரைச்சல்.

"சனியன், காதைப் பொளக்குது" என்று எதிர்வீட்டுக்காரர் சன்னலை அடித்துச் சாத்தினார்.

நான் எங்கள் வீட்டுச் சன்னலை நன்றாகத் திறந்துவைத்தேன்.