துண்டைப் பிடித்தவன்

செவிலிமேடு,
பங்குனி கடைசி ஞாயிறு, 2001

அன்புள்ள மகன் தனசேகரனுக்கு அப்பா பழனி வாயால் சொல்ல, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பூவராகவன் சாமி கையால் எழுதுவது. இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர நானும் அவளும் மற்றபடி சுகம். ராஞ்சியில் குளிர் விட்டு நீயும் மருமகள் தேவிப்ரியாவும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ தை மாதம் போட்ட கடிதத்தைச் சாமி ஒரே ஒரு முறைதான் படித்துக் காட்டினார், எனக்கு முழுதும் மனப்பாடம். உங்கள் தொழிற்சாலைக் கால்பந்து அணிக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு பையனை வேலை கொடுத்து எடுக்கப்போவதாகவும், நீ அணியின் மேனேஜர் என்பதால் ஒரு பேர் சொல்லலாம் என்றும், நம் ஊர்க் கல்லூரிப் பையன்கள் கோடைப் பயிற்சி எடுக்கும்போது நான் போய்ப் பார்த்து அந்தப் பேரை எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். பேப்பரில் வருகிறவனை எனக்கே தெரியும் அப்பா, பேப்பரில் வராதவன் எவனாவது இருந்தால் பாருங்கள், நீங்கள் தரகு பேசி வாங்கிக் கொடுத்த மாடு எதுவும் இதுவரை ஏரில் படுத்தது இல்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டுவிட்டு உன் அம்மா, இத்தினி வருசம் கழிச்சு நம்ம புள்ளைக்கு உன் தரகு வேலை மேல மரியாதை வந்துக்கினு இருக்குதுய்யா என்றாள். டெலிபோன் பூத்தில் சொல்லலாம் என்றால் நான் பேசுவது சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் கேட்கிறதாம், அதனால்தான் கடிதம்.

தினமும் விடிந்ததும் கல்லூரி மைதானத்துக்குப் போய் வேலியோரம் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பந்து தெரியாது, ஆனால் ஓடுகிற உயிர் எதுவானாலும் பார்க்கத் தெரியும். முதல் நாளே சிட்டிபாபு என்று ஒருவன் கண்ணில் பட்டான். வலை கட்டிய கம்பத்துக்குப் பின்னால் தனியாக நின்றான். மற்றவர்கள் எல்லாம் வேர்த்து விறுவிறுத்து ஓடிப் பந்தை அவன் இருக்கும் பக்கமே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவன் எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினான். இவன்தான் இங்கே பெரிய கை என்று முடிவு கட்டி, சில நாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாஸ்டரிடம் கேட்டேன். அதுக்கு அவர், அவனா பெரியவரே, அவன் ரெண்டாவது கோல்கீப்பர், முதல் கீப்பருக்குக் காய்ச்சல் வந்தாத்தான் அவனுக்கு ஆட்டம், அதுவரைக்கும் வெளிய போற பந்தைப் பொறுக்கிப் போடுவான் என்றார். முதல் கீப்பர் இரும்பு உடம்புக்காரன், கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து தும்மினதுகூட இல்லையாம். சிட்டிபாபுவின் வீட்டார் பட்டு நெய்கிற தெலுங்குக்காரர்கள். அவன் அப்பா, சாலுரா சிட்டி, ஆடினது போதும், சித்திரை பொறந்து ஒரு மாசம் பாப்பேன், வேலைன்னு ஒரு காகிதம் வரலன்னா பந்தைத் தூக்கிப் போட்டுட்டுத் தறியில வந்து உக்காரு என்று சொல்லிவிட்டாராம். தறி ஒன்றும் கெட்ட வேலை இல்லை, ஆனால் இவன் இருக்கிற உயரத்துக்குத் தறிப் பள்ளத்தில் காலை மடக்கி வைக்கவே இடம் போதாது.

அடுத்தது பேப்பரில் வருகிற ப்ரணவ். அவன் நம் சாமியின் தங்கை மகன். ப்ரணவ் என்னும் யுவன் சகல குணங்களும் பொருந்திய வீரன். பந்தானது அவன் பாதத்தில் பசை தடவியது போல் ஒட்டிக்கொண்டு செல்லும். உயர்ந்த ஒழுக்கமுள்ள குடும்பம். அவனையே தேர்வு செய்வது சர்வ உசிதம் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பிறகு, எந்த மாட்டையும் விலை பேசிக் கயிறு மாற்றும் முன்பு பின்னால் போய்த் துண்டை உதறிப் பார்ப்பேன், மிரள்கிறதா என்று தெரிந்துகொள்ள, அது உனக்குத் தெரியும். அதே மாதிரி ப்ரணவுக்குப் பின்னால் போய் நின்று

தனசேகரா, இனிமேல் எழுதுவது நம் வீட்டு முன்கட்டில் குடியிருக்கும் ஏலவார்குழலி. மழலையர் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள், நல்ல பெண். சாமி துண்டு என்கிற இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். அப்போ அவன் கணுக்கால் சுளுக்கிண்டு நொண்டறதுக்குக் காரணம் நீர்தானா ஓய், மாட்டுக்கும் மனுஷாளுக்கும் வித்யாசம் தெரியாதா உமக்கு, இதை எழுத என் கை வராது என்று எழுந்துவிட்டார். நம் செவலை கன்று போட்டதற்கு அவருக்கென்று எடுத்துவைத்த சீம்பாலை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார். வாசல் தாண்டியவர் திரும்பி வந்து, யாரை வேணா எழுதும், போனாப் போறது, அந்தச் சிட்டிபாபுவையே எழுதும், எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்தப் பிரேம்நாத் பேரை மட்டும் எழுதினீரோ நான் உம்ம வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிரேம்நாத் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

குழலி மேலே இருப்பதைப் படித்துக் காட்டினாள். யுவன், உசிதம் என்றெல்லாம் காதில் விழுந்ததும் நிறுத்தும்மா என்றேன். என் வாயில் இந்த வயது வரைக்கும் உசிதம் வந்தது இல்லை. ப்ரணவைப் பற்றி நான் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவில் இருக்கிறது, இதுதான்: நல்ல நடை, நல்ல வேகம், ஆனால் ரோட்டில் யார் போனாலும் தன்னைப் பார்க்கிறார்களா என்று கழுத்து அந்தப் பக்கம் திரும்புகிறது, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஓரிக்கைக்காரர் வாங்கிப்போன மயிலைக் காளை மாதிரி. அது கல்யாண ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை வாய்க்காலில் இறக்கியது உனக்கு நினைவிருக்கும். சாமி எழுதினதை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மாமன் பாசம், இருந்துவிட்டுப் போகட்டும், நீ அதைத் தாண்டிப் படி.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். ப்ரணவ் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், நான் பின்னால் போய் ஒரே ஒரு உதறுதான் உதறினேன். பையன் துள்ளின துள்ளலில் தண்ணீர்க் குடத்தின் மேல் போய் இறங்கினான். குடம் பிளாஸ்டிக், அதுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் ஓடிவந்து, இன்னா பெரியவரே பண்ணிக்கினு இருக்கறீங்க என்றார். மிரட்சி பார்த்தேன் சார் என்றேன். அன்றைக்கென்று தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் ஆட்டம் இருந்தது. ப்ரணவ் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால், முதல் கீப்பர், சார் நான் ரொம்ப நாளா முன்னாடி ஆடணும்னு கேட்டுக்கினு இருக்கேனே என்று அந்த இடத்துக்குப் போனான். அதனால் சிட்டிபாபுவைக் கம்பத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். முதல் கீப்பர் பழக்க தோஷத்தில் பந்து வரும்போதெல்லாம் கையால் பிடித்தான், மாஸ்டர் விசில் ஊதி ஊதி வாய் வலித்து உட்கார்ந்துவிட்டார். சிட்டிபாபு மட்டும் வந்த பந்தை ஒன்றுவிடாமல் பிடித்தான். மேலே வந்ததை மேலே போய், மண்ணில் வந்ததை மண்ணில் படுத்து. ஆட்டம் முடிந்து எல்லாரும் அவித்த முட்டையைப் பார்த்து ஓடினபோது இவன் பழையபடி வேலிப் பக்கம் வந்து, முள்ளில் மாட்டிக்கொண்ட பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது பிரேம்நாத். ஐயம்பேட்டைப் பையன், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருவான், பின்வரிசையில் நின்று தடுக்கிற வேலை. தடுக்கும்போது சாமியின் தங்கை மகனைக் காலில் உதைத்துவிட்டானாம், அதில்தான் சாமிக்குக் கோபம். இவன் பின்னாலும் துண்டை உதறினேன், திரும்பவே இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு கல்லாக நின்றான். இவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக ஒருவராலும் முடியாது. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அவர் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். அவருக்கு இந்தியும் ஓரளவு வரும், வெளியூர்ச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளும்.

சாமியிடம் ஏமாந்ததால் இவளையும் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். ஏம்மா, நான் அந்த மாஸ்டரைத் தவிர மைதானத்தில் யாரையும் அவர் என்று சொல்லவில்லையே, பையனுக்கு எந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். பேனா கீழே விழுந்தது. அடுப்படியில் இருந்து உன் அம்மா, இன்னாய்யா, காலங்காத்தால அந்த வேலியோரமாத்தானே இது இஸ்கூலுக்குப் போவுது, இத்தினி நாளா மாடு பாத்தியே, இது தெரியலியா உனக்கு என்று சிரிக்கிறாள். பிரேம்நாத் ஏன் கல்லாக நின்றான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. குழலி, அடிச்சிடறேன் தாத்தா என்றாள். வேண்டாம், சாமியினுடையது இருக்கிறபோது உன்னுடையதும் இருக்கட்டும் என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு அவளே, அவரு பேரு இல்லாங்காட்டியும் சிட்டிபாபு அண்ணனையாவது எழுதுங்க தாத்தா, அந்த ப்ரணவை மட்டும் எழுதாதீங்க என்றாள்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. சந்தையில் ஆளுக்கொரு மாட்டுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டு, இது படியாவிட்டால் அதோ அது என்று தனித்தனியாக ஒரே மாட்டைக் கைகாட்டினால், நான் சண்டையை விட்டுவிட்டு அந்த மூன்றாவதன் கயிற்றைத்தான் பிடிப்பேன். சாமிக்கும் குழலிக்கும் எழுதப் படிக்கத் தெரியும், அவரவர் ஆளை அவரவர் எழுதிக்கொண்டார்கள். சிட்டிபாபுவுக்காக ஒரு வரி நுழைக்க ஆள் இல்லை. அதோடு நேற்றுக் காலை அவன் பின்னாலும் போய்த் துண்டை உதறினேன். இந்த முறை கொஞ்சம் பலமாகவே உதறிவிட்டேன், துண்டு கையை விட்டுப் பறந்துவிட்டது. பையன் மிரளவில்லை. அரைத் திரும்பு திரும்பி, ஒரு கையால் துண்டைப் பிடித்து, நாலாக மடித்து என் தோளில் போட்டு, உங்க துண்டு தாத்தா, காத்து ஜாஸ்தியா இருக்குது, பாத்து என்று சொல்லிவிட்டுப் பந்து பொறுக்கப் போய்விட்டான். இத்தனை வருடத்தில் துண்டைப் பிடித்த மாட்டை நான் பார்த்தது இல்லை.

ஆகவே தனசேகரா, நான் சொல்லும் பேர் சிட்டிபாபு. சித்திரை தொடங்கப்போகிறது, அவன் அப்பா சொன்ன சொல்லை மாற்றாத ஆள், உங்கள் ஆபீஸ் காகிதம் சித்திரை முடிவதற்குள் வந்துவிட வேண்டும். மற்ற இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை, பிரேம்நாத்துக்கு இங்கேயே ஏதாவது கிடைத்தால் குழலிக்கும் நல்லது, இதை எழுதும்போது அவளே தலையாட்டுகிறாள். சிட்டிபாபு அங்கே வந்தால் கட்டில் கொஞ்சம் நீளமாகப் பார்த்துக் கொடு. இந்தி வராது, பந்தைப் பிடிப்பதற்கு இந்தி எதற்கு. நீ சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்வதை விட்டுவிட்டாய் என்று மருமகள் சொன்னாளாம், அதை விடாதே. வைகாசி கருட சேவைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா, உன் அம்மா இப்போதே முறுக்கு மாவு அரைக்கும் யோசனையில் இருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. கீழே என் ரேகைக்குப் பக்கத்தில் அந்தப் பேரைத் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். குழலியை நம்பாமல் இல்லை, ஆனாலும் என் கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். நாளைக்குப் பேருந்து நிலையம் போய், என்னை முன்பின் தெரியாத கண்டக்டர் ஒருவரிடம் அந்த ஒரு பேரை மட்டும் காட்டிப் படிக்கச் சொல்வேன். அவர் சரியாகப் படித்தால் தபால் பெட்டியில் போடுவேன், வேறு பேர் படித்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்து எழுதுவேன். அதனால் இந்தக் கடிதம் உன் கையில் இருந்தால் பேர் சரி என்று வைத்துக்கொள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், வரதர் அருளால் நிறைய நாள் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு உன் அப்பா,
பழனி, இடது கைப் பெருவிரல் ரேகை

சிட்டிபாபு

ஐயா, தங்கள் தகப்பனார் காட்டிய பேர் சிட்டிபாபு என்றுதான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி வண்டியைக் கிளம்ப விடவில்லை. படித்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லித்தான் இதை வாங்கி எழுதுகிறேன். செய்யாற்றில் என் மைத்துனனும் நன்றாகப் பந்து ஆடுவான், அடுத்த வருடம் இடம் இருந்தால் கவனிக்கவும். பெரியவருக்குத் தெரிய வேண்டாம். இவண், கண்டக்டர் சக்ரவர்த்தி.