டிரைவரம்மாவின் வலது தோள்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம், வலது தோளைத் தவிர. போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே ஆரம்பித்துவிடுவீர்கள், நானும் வைத்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாதே!

போன மாதம் பஸ்ஸை டிப்போவில் விட்டு இறங்கும்போது படியில் எண்ணெய். கால் வழுக்கியது. கைப்பிடியை விடாததால் விழவில்லை. ஆனால் உடம்பு மொத்தமும் ஒரே கையில் தொங்கிவிட்டது. தோளுக்குள் ஏதோ ‘டப்’பென்றது. சுளுக்கு என்று தைலம் தேய்த்தேன். கை மேலே போகவில்லை, தலை வார முடியவில்லை, அந்தப் பக்கம் படுத்தால் உயிர் போகிறது. உங்கள் தங்கைதான் என்னை எலும்பு டாக்டரிடம் தரதரவென்று இழுத்துப் போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா ஒரு கையை மூடி, மற்றக் கையால் அதைக் கவ்விக் காட்டினார். “தோள்ல இந்த மாதிரி ஒரு பந்து இருக்கு. நாலு தசை சுத்திப் பிடிச்சிருக்கு. மேல இருக்கற தசைய எலும்போட கட்டிப் பிடிக்கற நாண், முழுசா பிஞ்சு வந்திருக்கு.”

“தானா ஒட்டிக்காதா?”

“பாதிக் கிழிசல்னா பயிற்சியிலயே சமாளிக்கலாம். நெறைய பேருக்கு ஆபரேஷனே வேண்டாம். உங்களுது அடிபட்டு முழுசா பிஞ்சது. அப்படியே விட்டா நாண் சுருங்கிடும், அப்புறம் இழுத்துத் தைக்கறது கஷ்டம்.”

எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். சம்மதம் கேட்டு எழுதவில்லை, தகவல் சொல்கிறேன்.

உங்கள்
டிரைவரம்மா

மார்ச் 10

அன்பு டிரைவரம்மாவுக்கு,

உன் கடிதம் படித்ததும் அச்சு மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். அந்த ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இங்கே என்னோடு வா என்று மூன்று வருஷமாகத் தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன். இப்போது உன் தோளே சொல்லிவிட்டது. கத்தியெல்லாம் எதற்கு? கையை ஆட்டாமல் ஓய்வாக வைத்தால் போதாதா? இங்கே இரண்டு அறை இருக்கிறது, ஜன்னலில் நல்ல வெளிச்சம். ராணி மாதிரி உட்கார். நானே சமைக்கிறேன். அதைத் தின்பதற்குத்தான் உனக்குத் தைரியம் வேண்டும்.

ஒன்று செய்திருக்கிறேன், கோபப்படாதே. டிப்போ மேனேஜரிடம் போனில் பேசி, நீ இனி வேலைக்கு வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அந்தச் சங்கடம் வேண்டாமே என்றுதான்.

உன்
வீட்டுக்காரன்

ஏப்ரல் 12

வீட்டுக்காரருக்கு,

எழுத்து கோணலாக இருப்பது இடது கையால் எழுதுவதால். கோபத்தால் அல்ல; கோபம் தனியாக இருக்கிறது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சின்னத் துளைகள் போட்டு, நாணை எலும்போடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தையல் பிடிக்கும்வரை, ஆறு வாரம், கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில். அதற்குப் பிறகும் ஓய்வு ஓய்வு என்றால் தோள் இறுகிப்போகுமாம். இப்போதே பிசியோ சொல்லித்தந்தபடி குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுகிறேன். அடுத்து, இன்னொரு கையின் துணையோடு தூக்க வேண்டும்; பிறகு தானாக. பலம் ஏற்றுவதெல்லாம் கடைசியில்தான். அவசரப்பட்டால் தையல் விட்டுப்போகும்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். “என்னம்மா, வேலைய விடறீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே?”

“சொன்னவரையே வந்து ஓட்டச் சொல்லுங்க சார். நான் லீவுதான் கேட்டிருக்கேன்.”

பக்கத்துப் படுக்கைக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் கேட்காமல் என் வேலையை எப்படி விட்டீர்கள்? அதற்குப் பதில் வரும்வரை நான் எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
பஸ் டிரைவர்

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். தங்கை போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மேனேஜரைக் கூப்பிட்டு, “நான் சொன்னது தப்பு சார், அது அவளோட வேலை” என்றேன். “அதை அந்தம்மா அப்பவே சொல்லிட்டாங்களே” என்றார்.

நீ தினமும் ரோட்டில் இருப்பது எனக்குப் பயம். அதைவிட, இங்கே தனியாகச் சாப்பிடுவது தாங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உன் தோளைச் சாக்காக்கிவிட்டேன். மன்னித்துவிடு. கை எவ்வளவு தூரம் மேலே போகிறது?

உன்
வீட்டுக்காரன்

செப்டம்பர் 28

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கேள்விக்குக் கையாலேயே பதில் சொல்ல நினைத்தேன், அதனால்தான் தாமதம். நேற்று டிப்போ டாக்டர் முன்னால் கையைக் காதோடு ஒட்டித் தூக்கிக் காட்டினேன். பிறகு காலி பஸ்ஸை ரிவர்ஸில் எடுத்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினேன். “கிளம்பலாம்மா” என்றார் மேனேஜர். மாலையில் கொஞ்சம் வலித்தது. பழகாத தசை, கொஞ்ச நாள் முனகத்தான் செய்யும் என்கிறார் பிசியோ. திங்கட்கிழமை முதல் பழைய ரூட்.

நான் அங்கே வரவில்லை. தனியாகச் சாப்பிடுவது எனக்கும் பிடிக்கவில்லை. டிப்போவுக்கு எதிரே புதிதாக ஒரு அச்சகம் திறந்திருக்கிறார்கள், மிஷின் ஓட்ட ஆள் வேண்டுமாம். நீங்கள் வருவீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் போன் நம்பரை மட்டும் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள்
டிரைவரம்மா